டேப்புவின் பதினைந்தாம் நாள்

— அக்கான்னு கூப்பிடாதீங்க. வாசல்லயே ஒரு தடவை சொல்லிட்டேன்.

— தப்பா நினைக்காதீங்க. வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல.

— மேடம்னு கூப்பிடுங்க. நாய்க் காப்பகத்துலேருந்து வந்திருக்கேன், விருந்துக்கு வரல. உங்க வீட்டுக்காரருக்கு நான் ஆறு வருஷம் பொண்டாட்டியா இருந்தேன்கிறதுக்காக உங்களுக்கு அக்கா ஆயிட மாட்டேன்.

— சரிங்க மேடம். உட்காருங்க. அந்தச் சாய்வு நாற்காலி மட்டும் வேணாம், துணியெல்லாம் டேப்பு முடி ஒட்டிக்கும்.

— இதுவா? இது அவரோட நாற்காலியாச்சே! தைக்கிற துணியை ஒரு நாள் இதுமேல வெச்சதுக்கு என்னோட ரெண்டு நாள் பேசாம இருந்தாரு.

— இப்ப டேப்புதான் அதுல தூங்குது.

— அவர் ஒண்ணும் சொல்லலியா?

— ஒண்ணும் சொல்லல.

— ம்ம். எழுதிக்கிறேன். அவர் எங்க?

— வெளிய போயிருக்காரு.

— பதினஞ்சாம் நாள் பார்வைக்கு ஆள் வரும்னு தெரியுமில்ல? இருந்திருக்கலாமே. எப்ப வருவாரு?

— சொல்லிட்டுப் போகல.

— என் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு போயிருப்பாரு. போகட்டும். நாய் எங்க?

— சமையல்கட்டுல கட்டி வெச்சிருக்கேன்.

— கட்டியா! கட்டிப் போடக் கூடாதுன்னு ஃபாரத்துல மூணாவது வரியிலயே போட்டிருக்கு. குறை ஒண்ணு.

— ஐயோ, வாய் தவறிடுச்சு மேடம். கட்டல, கதவை மட்டும் சாத்தியிருக்கேன். தோ, திறக்கறேன். டேப்பு! மெதுவா, மெதுவாடி!

— என் தங்கம்! என் கண்ணே! இரு இரு, கண்ணாடியைப் பிடுங்காதே. அட, எடை போட்டிருக்கியே. இருக்கிறது பாதி வால், ஆட்டறது என்னமோ முழு உடம்பு. என்னை மறக்கலைதானே? எட்டு மாசம் என் தையல் மிஷினுக்கு அடியில கிடந்தவதானே நீ? ... எங்க போறே? டேப்பு? இங்க வாடி.

— தப்பா நினைக்காதீங்க. ஒரு சுத்து சுத்திட்டு என் காலடியில வந்து படுத்துக்கும். யார் வந்தாலும் இப்படித்தான்.

— யார் வந்தாலுமா? நான் யாரோவா?

— அப்படிச் சொல்ல வரல மேடம்.

— லாரிச் சக்கரத்துல வால் நசுங்கிக் கிடந்தவளை என் துப்பட்டாவுல சுத்தித் தூக்கிட்டு ஓடினது நான். என் அளவு டேப்பை முழுசா மென்னு முழுங்கி, டாக்டர் வயித்தைத் திறந்து எடுத்தாரு. டேப்புன்னு பேர் வந்தது அப்படித்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— பதினஞ்சே நாள்ல என்னையும் கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற ஆளையும் ஒண்ணாக்கிட்டா பாருங்க.

— வேணும்னா நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்.

— நான் மட்டும் எதுக்கு? ரெண்டு பேரும் கூப்பிடுவோம். நீங்க அந்தச் சுவர் ஓரம் போய் நில்லுங்க, நான் இந்த ஓரம். தின்ன எதுவும் கையில வெச்சுக்கக் கூடாது. டேப்பு! வா வா வா!

— டேப்பு, வாடி செல்லம்!

— கையைத் தட்டாதீங்க. தட்டினா அது ஏமாத்து வேலை.

— நீங்க மட்டும் நாக்கால டொக் டொக்குன்னீங்களே.

— அது எங்க பழக்கம்! டேப்பு... டேப்பு... எங்க போறா?

— தண்ணி குடிக்கப் போறா மேடம்.

— ம்ம். குடிச்சுட்டு?

— நாற்காலியில ஏறிட்டா.

— ரெண்டு பேருக்கும் நாமம் போட்டுட்டா. சரி, எழுதிக்கிறேன். தண்ணிப் பாத்திரம் சுத்தமா இருக்கு. தடுப்பூசி அட்டை?

— தோ இருக்கு. அடுத்த ஊசி தேதியை எங்க பல் ஆஸ்பத்திரி காலண்டர்லயும் குறிச்சு வெச்சுட்டேன். நோயாளிங்களுக்குத் தேதி குடுக்கிறது நான்தான், மறக்காது.

— ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிய கூட்டிட்டுப் போறீங்க?

— மூணு. ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டு ஏன் குடுத்தீங்க?

— வீட்டுல ஏற்கெனவே மூணு இருக்கு. நாலாவது வந்தா நீயும் கிளம்புன்னு வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிட்டாரு. கடையில வெச்சுக்கிட்டேன். அளவு குடுக்க வந்த ஒரு அம்மா இவளைப் பார்த்துட்டு, துணி மாத்தற மறைவை விட்டு வெளிய வரமாட்டேன்னு அரை மணி நேரம் உள்ளயே நின்னாங்க. கடைக்கு இடம் விட்டவர் அன்னைக்கே கெடு குடுத்துட்டாரு.

— காப்பகத்துல விட்டிருக்கலாமே?

— நீங்க அந்த இடத்தைப் பார்க்கல. எண்பது நாய்க்குக் கட்டினது. இப்ப நூத்தி நாப்பது இருக்கு. ஒரு கூண்டுக்கு ரெண்டு, சிலதுல மூணு. சாப்பாட்டுத் தட்டு உள்ள போற நேரம் ஒண்ணு காதை ஒண்ணு கிழிச்சுக்கும். ஒரு நாய்க்கு வீடு கிடைச்சாத்தான் தெருவுலேருந்து இன்னொண்ணை எடுக்க முடியும். புதுசா வீட்டுக்குப் போற நாய்க்குப் பதினஞ்சு நாள் சோதனை. அதுவரைக்கும் ஒரு கூண்டைக் காலியா நிறுத்தி வைப்போம், திரும்பி வந்தா இடம் வேணுமேன்னு. இவளுக்காகவும் ஒண்ணு நிக்குது.

— அதுக்கு முன்னாடி யாருமே கேக்கலையா?

— கேட்டாங்களே. ஒருத்தர், 'இதே மாடல்ல வெள்ளை இருக்கா'ன்னாரு. ஒரு அம்மாவுக்குக் குட்டியா வேணுமாம், ஆனா வளரவே கூடாதாம். இன்னொருத்தர், 'முழு வால் வந்தா சொல்லுங்க'ன்னு நம்பர் குடுத்துட்டுப் போனாரு. எட்டு மாசத்துல முப்பது ஃபோன். காப்பகத்துக்கு நேர்ல வந்த ஒரே ஆளு நீங்க. அன்னைக்கு எனக்குக் கடையில வேலை, டாக்டர்தான் இவளைக் கூட்டிட்டுப் போய் உங்ககிட்டக் குடுத்தாரு.

— கண்ணைப் பார்த்ததும் பிடிச்சுப் போச்சு.

— வளர்த்தவங்கதான் பதினஞ்சாம் நாள் போய்ப் பார்த்து முடிவு எழுதணும்கிறது எங்க வழக்கம். ஃபாரம் என் கைக்கு வந்துச்சு. பிரிச்சேன். 'வீட்டில் வசிப்பவர்கள் அனைவரின் சம்மதம்.' முதல் கையெழுத்து உங்களோடது. ரெண்டாவது கையெழுத்தைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே போட்டுட்டேன்.

— ம்.

— 'ம்'தானா? ஆறு வருஷம்மா! இதே ஃபாரத்தை நீட்டிக்கிட்டு ஆறு வருஷம் நின்னிருக்கேன். கடைசியா ஒரு கிழட்டு நாய்க்காக. ரெண்டு மாசம்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அந்த ரெண்டு மாசம் கூரைக்குக் கீழ இருக்கட்டுமேன்னு கெஞ்சினேன். 'என் டைல்ஸ் மேல நாய்க் கால் படக் கூடாது'ன்னாரு. டைல்ஸ் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டா தரையோட குடும்பம் நடத்தணும் போல. 'நாயா, நானா? இப்பவே சொல்லு'ன்னு நின்னாரு. நான் கொஞ்சம் யோசிச்சேன். அந்த யோசனையிலயே கல்யாணம் முடிஞ்சு போச்சு.

— தெரியும். சொல்லியிருக்காரு.

— என்னன்னு சொன்னாரு?

— 'அவளுக்கு என்னை விட நாய் ஒசத்தி'ன்னு.

— உங்களுக்கு மட்டும் எப்படிக் கையெழுத்துப் போட்டாரு? இதைப் பாருங்க. அவர் கையெழுத்துன்னா கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. பால்காரர் ரசீதுல கூடப் புள்ளியை விடமாட்டாரு. எங்க கல்யாணப் பத்திரத்துல ரெண்டு புள்ளி. விவாகரத்துப் பத்திரத்துலயும் ரெண்டு புள்ளி, அழுத்தமா, தாளே ஓட்டை விழற மாதிரி. இதுல எங்க புள்ளி?

— ...இல்ல.

— இல்லதானே? நீங்க கேட்டதும் அப்படி ஒரு அவசரம் மனுஷனுக்கு! புள்ளி வைக்கக்கூடப் பொறுமை இல்லாத ஆசை! மூணு நாளா இந்தத் தாளை வெச்சுக்கிட்டு அந்த ரெண்டு புள்ளியைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.

— காபி குடிக்கிறீங்களா மேடம்?

— வேணாம். தரையைப் பார்க்கணும். அடேங்கப்பா! வெள்ளை டைல்ஸ் முழுக்கக் கால் தடம்! மழை நாள்ல வாசல்லேருந்து சமையல்கட்டு வரைக்கும் பழைய துணி விரிச்சு அதுமேலதான் நான் நடக்கணும். இதுக்கு ஒண்ணும் சொல்லலியா?

— சொல்லல.

— ஒரு வார்த்தை?

— பதினோரு நாளா ஒரு வார்த்தை கூடச் சொல்லல.

— திருந்திட்டாரு. என்கிட்ட இருந்த வரைக்கும் திருந்தாம, இங்க வந்து திருந்தியிருக்காரு. தரை வழுக்கும், நாய்க்கு இடுப்பு போயிடும். குறை ரெண்டு.

— பாய் விரிச்சிருக்கேனே மேடம், அதோ.

— அது சின்னது.

— இன்னொண்ணு இந்தப் பக்கம் இருக்கு.

— அது... நிறம் சரியில்ல. இருங்க, ஃபோன் வருது. சொல்லுங்க டாக்டர். ... இன்னும் முடிக்கல, வீட்டுலதான் இருக்கேன். ... எந்த நாய்? லாரிக்கு அடியிலயா? ... நாலு குட்டியா! கண்ணே திறக்கலியா? ... அஞ்சு மணிக்கு லாரியை எடுத்துடுவாங்களா? ... புரியுது டாக்டர், கூண்டு காலின்னா உடனே எடுத்துடலாம். ... இல்ல, இந்த வீடு எனக்கு அவ்வளவு சரியாப் படல. ... பார்த்துட்டுச் சொல்றேன்.

— மேடம், டேப்பு இங்க இருந்தா அந்தத் தாயும் குட்டிங்களும் காப்பகத்துக்கு வந்துடும். அப்படித்தானே?

— அவ திரும்பி வந்தா, அவ கூண்டு அவளுக்கு. அவ்வளவுதான். எனக்குப் பாடம் எடுக்காதீங்க. ராத்திரி எங்க படுக்கிறா? அந்த உள் ரூமா?

— ஆமா, வாங்க.

— இது என்ன, தரையில? சட்டை. நீலக் கோடு போட்ட சட்டை. இது நான் தைச்சதாச்சே! என் பட்டன் காஜா எனக்குத் தெரியாதா? எங்க முதல் கல்யாண நாளுக்குத் தைச்சுக் குடுத்தது. இன்னுமா வெச்சிருந்தாரு?

— காலர் கிழிஞ்ச பிறகும் தூக்கிப் போட விடல.

— அதைப் போய் நாய்க்கு விரிச்சிருக்கீங்க!

— நான் விரிக்கல. அலமாரியில முப்பது சட்டை இருக்கு. டேப்பு எல்லாத்தையும் மோந்து பார்த்துட்டு இதை மட்டும்தான் இழுத்துட்டு வந்தது. இது இல்லேன்னா தூங்காது.

— ...இதையா?

— இதைத்தான். தினமும்.

— ம்ம். சரி. அதை... அதை எழுதிக்க வேணாம். இன்னொண்ணு தெரியுமா உங்களுக்கு? அவர் என் கடைக்கு வந்தாரு.

— யாரு?

— உங்க வீட்டுக்காரருதான். மூணு வருஷம் கழிச்சு. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாரே? நாலு சட்டைக்குத் துணி எடுத்துட்டு வந்தாரு. 'உன் தையல் மாதிரி வேற யாருக்கும் வரல'ன்னாரு. அளவு எடுக்கணுமேன்னேன். 'உனக்குத் தெரியாத அளவா'ன்னாரு. எப்படி?

— என்னைக்கு வந்தாரு?

— போன வாரம் புதன்கிழமை. ஏன், முகம் வெளுத்துப் போச்சு? வயிறு எரியுதா? கொஞ்சம் எரியட்டும். எனக்கு மூணு வருஷமா எரியுது.

— எனக்கும் ரெண்டு வருஷமா எரியுதுங்க! உங்களுக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? எதுக்கெடுத்தாலும் அவ, அவ, அவ! அவ இருந்தப்போ ஒரு சட்டையில பட்டன் தொங்கினதில்ல. அவ இருந்தப்போ கதவு கிரீச்சுன்னு கத்தினதில்ல. நான் ஒரு தடவை தலைமுடியை வெட்டிக்கிட்டு வந்தேன், 'அவளுக்கு இது எடுப்பா இருந்திருக்கும்'ங்கறாரு!

— அவரா? என் தலையை நிமிர்ந்து பார்த்ததே இல்லியே அவரு!

— ஃபோன்ல உங்க ஃபோட்டோவைத் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒவ்வொண்ணுலயும் கையில ஒரு நாய். பல் ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்கு நாப்பது வாயைப் பார்க்கிறேன் மேடம், அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்ல. புருஷனை விட்டுட்டு நாயை எடுத்துக்கிட்டவ எப்படி இப்படிச் சிரிக்கிறா? அப்படி என்னதான் இருக்கு அதுல? அதைப் பார்த்துடணும்னுதான் டேப்புவைக் கேட்டேன். நீங்க வளர்த்ததுன்னு தெரிஞ்சேதான் கேட்டேன்.

— அப்போ கண்ணைப் பார்த்துப் பிடிச்சதுன்னு சொன்னது பொய். பொறாமையில கூட்டிட்டு வந்தது. குறை மூணு. இது சின்னக் குறை இல்ல.

— தாராளமா எழுதிக்கோங்க. முதல் ரெண்டு நாள் பொறாமைதான். மூணாம் நாள் எனக்குக் காய்ச்சல். அவர் சரக்குப் பார்க்க வெளியூர் போயிருந்தாரு. ஃபோன் பண்ணினேன், 'மாத்திரை போட்டுட்டுப் படு'ன்னு வெச்சுட்டாரு. இவ கட்டில் விளிம்புல மோவாயை வெச்சுக்கிட்டு, நான் கண்ணைத் திறக்கிற வரைக்கும் அப்படியே நின்னா. படுக்கக்கூட இல்ல. தட்டுல வெச்சது வெச்சபடி இருந்துச்சு. உங்க சிரிப்பு அன்னைக்குப் புரிஞ்சுது.

— ...எனக்கும் அப்படித்தான் ஒரு தடவை நின்னா.

— நாலாம் நாள் அவர் திரும்பி வந்தாரு.

— வந்து?

— ஒண்ணுமில்ல. விடுங்க.

— பாதியில நிறுத்தாதீங்க. பாதி தைச்ச துணியை என்னால கையில வெச்சுக்க முடியாது.

— அந்தக் கையெழுத்து அவர் போட்டதில்ல மேடம்.

— என்னது?

— நான் போட்டது. பழைய ரசீதைப் பார்த்து நோட்டுல பத்து தடவை எழுதிப் பழகிட்டுப் போட்டேன். கோடு கண்ணுல பட்டுச்சு. புள்ளி படல.

— புள்ளி படல...

— அவர் ஊர்ல இல்லாத நேரத்துல டேப்புவைக் கூட்டிட்டு வந்துட்டேன். பார்த்தா மனசு இளகிடும்னு நினைச்சேன். வந்து கதவைத் திறந்தாரு. இவ நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு வாலை ஆட்டினா. அவர் செருப்பைக்கூடக் கழட்டல. நின்ன இடத்துலேருந்தே கேட்டாரு.

— நாயா, நானா.

— அதேதான். 'இப்பவே சொல்லு'ன்னு.

— நீங்க?

— நானும் கொஞ்சம் யோசிச்சேன்.

— எவ்வளவு நேரம்?

— உங்க அளவுக்கு இல்ல. சீக்கிரம் முடிஞ்சுது.

— அப்போ பதினோரு நாளா ஒண்ணும் சொல்லலன்னது...

— சொல்ல ஆள் இல்ல மேடம். அண்ணன் வீட்டுல இருக்காரு. நாய் இருக்கிற வரைக்கும் படியேற மாட்டாராம். போன வாரம் செவ்வாய்க்கிழமை, போட்டிருந்த சட்டையோட போனவரு. முப்பது சட்டையும் இங்கதான் தொங்குது.

— இருங்க. செவ்வாய்க்கிழமை போனாரு. புதன்கிழமை என் கடை... அப்போ அந்த நாலு சட்டை?

— மாத்துத் துணி.

— 'உன் தையல் மாதிரி வேற யாருக்கும் வரல'ன்னாரே!

— எப்ப வேணும்னாரு?

— வெள்ளிக்கிழமை. ரொம்ப அவசரம்னு... அடச்சீ! நாலு சட்டைக்கும் காஜாவை மிஷின்ல போடாம கையால போட்டேன்! ஒவ்வொண்ணா, பொறுமையா, பாட்டு வேற பாடிக்கிட்டு!

— அழறீங்களா, சிரிக்கிறீங்களா மேடம்?

— தெரியல. நீங்க?

— எனக்கும் தெரியல. ஆனா விதி தெரியும். பொய்ச் சம்மதம்னா நாயைத் திருப்பி எடுத்துக்கணும்னு கடைசி வரியில இருக்கு. அவ தட்டு, மருந்து, சங்கிலி எல்லாத்தையும் காலையிலயே பையில எடுத்து வெச்சுட்டேன். பையைப் பார்த்தா வெளிய போறோம்னு குதிப்பா. அதனாலதான் சமையல்கட்டுல விட்டுக் கதவைச் சாத்தினேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் மேடம். மூணு நாய் இருக்கிற கூண்டுல போட்டுடாதீங்க. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. சட்டையையும் கூடவே...

— ஏய், அழாதே. நாய் பார்க்குது பாரு. மூக்கைத் துடை. பேனா இருக்கா உங்கிட்ட?

— இந்தாங்க.

— நீயே வெச்சுக்கோ. ஃபாரத்துல இந்த இடத்தைப் படி.

— 'வீட்டில் வசிப்பவர்கள் அனைவரின் சம்மதம்.'

— இந்த வீட்டுல இப்ப வசிக்கிறது யாரு?

— நான். டேப்பு.

— டேப்பு சம்மதிச்சுட்டா, நாற்காலியில குறட்டை கேக்குது. ரெண்டாவது கையெழுத்தை அடி. நல்லா அடி, ரெண்டு கோடு. பக்கத்துல இன்னைக்குத் தேதி போட்டு உன் கையெழுத்தைப் போடு. உன்னோடதைப் போடு, வேற யாரோடதையும் போட்டுடாதே.

— அவர் திரும்பி வந்துட்டா?

— வந்தா பதினஞ்சு நாள் சோதனைக்கு வெச்சுப் பாரு. உறுமினா, நாற்காலிக்குச் சண்டை போட்டா, திருப்பி அனுப்பிடு. ஆனா என் பக்கம் அனுப்பிடாதே. எங்ககிட்ட இடமே இல்ல.

— சிரிப்பு வருது மேடம். தப்பா நினைக்காதீங்க.

— சிரி. ஹலோ, டாக்டரா? அந்தக் கூண்டைக் காலின்னு எழுதிக்கோங்க. லாரியை எடுக்கிறதுக்குள்ள தாயையும் குட்டிங்களையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. ... ஆமா, பார்த்துட்டேன். பாய் ரெண்டு இருக்கு. நல்ல வீடு டாக்டர். ... வெச்சுடறேன். இந்தா, இது என் அறிக்கை. இதுலயும் நீ பார்த்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடணும்.

— அக்கா... இதுல கீழே எல்லாமே எழுதி முடிச்சிருக்கே. 'வீடு பொருத்தமில்லை. நாயைத் திரும்பப் பெறவும்.' தேதி, உங்க கையெழுத்து எல்லாம் இருக்கு. நான் உங்க பக்கத்துலயேதானே இருந்தேன்? இதை எப்ப எழுதினீங்க?

— வர்ற வழியில, பஸ்ஸுல. கிழிச்சுப் போடு, பையில வேற தாள் இருக்கு.